துரும்பு கேட்ட வீடு

வெள்ளமா? வெள்ளம்னா கேக்குற? இங்க அதுக்குத் தண்ணின்னு பேரு, அப்பு. மலையேறி ஒரு வருசம் முடியல, அதுக்குள்ள மலையாளத்தான் வாய் வந்துருச்சா. இந்தா, சொம்போட குடி. மெதுவாக் குடி, பொரையேறப் போகுது. மலையடிவாரத்துக் குரங்கணில இருந்து ஒரே நடையா வந்துருக்க போல. இது எங்க ஊரு வெயிலு. உன் மலை மாதிரி யாருக்கும் கொடை பிடிக்காது.

அவளா? அவ கதிரறுப்புக்குப் போயிருக்கா. எல்லாரும்தான் போயிருக்காக. தை மாசத்துல சிலமலைல எவ வீட்டுல இருப்பா? நான் ஒருத்திதான் முட்டி வலிக்குன்னு கெடக்கேன். எந்திரிக்காத. எந்தக் காடுன்னு தெரியாம எங்கிட்டுப் போய்த் தேடுவ? நீ கெழக்க போனா அவ மேக்க வருவா. பொண்டாட்டியப் பாக்க வந்தவன் மாமியாளையும் கொஞ்சம் பாரு. மாமியா மட்டுமா நான், உங்க அய்யாவோட கூடப் பொறந்தவ. அத்தை வீட்டுக்கு வந்து நின்ன கால்ல திரும்பிப் போனான்னு ஊருக்குள்ள பேசுனா எனக்குத்தான் அசிங்கம். நீ கம்மாக்கரைல வர்றப்பவே பாத்துட்டேன். பாத்த ஒடனே செவப்புச் சேவலைப் பிடிச்சுக் கழுத்தைத் திருகிட்டேன். அடுப்புல கெடக்கு. கெழட்டுச் சேவ, வேக நேரமாகும்.

என்ன முழிக்கிற? அத்தை நம்மள நீ, வா, போன்னு பேசுறாளேன்னா? நீ தாலுகா கச்சேரில குமாஸ்தா ஆன அன்னைல இருந்துதான உன்னய நீங்க, வாங்கன்னு பேசுனேன். அதுக்கு முன்னால நீ எனக்கு மூக்கு ஒழுகுன சீனிச்சாமிதான், வீரையாண்ணன் மகன் சீனி. தலப்பாவும் கோட்டும் மாட்டிக்கிட்டு வந்து நின்ன, என் வாய்ல தானா மரியாத வந்துச்சு. கோட்டைக் கழட்டுன, அதுவும் தானாப் போயிருச்சு. நான் என்ன செய்ய? மரியாத என்ன என் மடிலயா இருக்கு, நெனச்சா எடுத்துக் குடுக்க.

சிரிக்கிற. இந்தச் சிரிப்பு எப்ப வந்துச்சு உனக்கு? கச்சேரிக்குப் போனப்ப நீ சிரிச்சு நான் பாத்ததில்ல. பொய் சொல்லக் கூடாது, அப்ப உன் மூஞ்சி ஊறப்போட்ட புளி மாதிரிதான் இருக்கும். தூக்கத்துல, எழுதிட்டேன் அய்யா, எழுதிட்டேன் அய்யான்னு பொலம்புவியாம், எம்மக ராமுத்தாயி சொல்லுவா. நகத்தைக் கடிச்சுக் கடிச்சு வெரலு நுனியெல்லாம் ரத்தம். அந்தப் பெரிய குமாஸ்தா உன்னயப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டான், ஏய் சிலமலைன்னு கூப்பிடுவான்னு வந்து அழுத. கூப்பிட்டா என்ன? நம்ம ஊரு பேருதான, வேத்தூரு பேரையா சொன்னான்?

வேலைய விட்ட அன்னைக்கு இங்கதான் வந்து நின்ன. இதே எடத்துல. என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? அத்தை, நான் எழுதுன எதுவும் மொளைக்கலன்ன. பேனாக்கட்டைல எங்கிட்டு மொளைக்கும், கிறுக்குப் பயலே. உங்க அய்யா ஓடைக்காட்டை வித்து உன்னய மதுரைல தங்க வச்சுப் படிக்க வச்சது நீ மொளைக்கணும்னா? நீ வெயில்ல நிக்காம நெழல்ல உக்காரணும்னுதான். நம்ம சனத்துல மொத மொத நெழல்ல உக்காந்து சம்பாதிக்கப் போறவன் நீதான்னு ஊரே பாத்துச்சு. எனக்கும்தான் அதுல பங்கு இருந்துச்சு. நான் தாலியறுத்தவ. எதிர்ல வந்தாலே பொம்பளைக மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவாளுக. நீ கச்சேரிக்குப் போன பெறகு, குமாஸ்தா மாமியா வர்றான்னு கம்மாக்கரைல ஒதுங்கி வழி விட்டாளுக. அந்த வழிய நீ ஒருநாள் காலைல கோட்டோட சேத்துக் கழட்டி ஆணில மாட்டிட்டு மலைக்குப் போயிட்ட.

நானும் வாய மூடிக்கிட்டு இருக்கலயே. பொதிமாட்டுக்காரன் சுடலை மலைக்கு அரிசியும் உப்பும் ஏத்திட்டுப் போறப்பல்லாம் அவன்கிட்டச் சொல்லி விட்டேன். ஒண்ணு, எறங்கி வந்து கச்சேரிக்காரவுக கால்ல விழுந்தாவது பழைய எடத்துல உக்காரு. இல்லையா, நம்ம வழக்கப்படி ஒரு துரும்பைக் கிள்ளிக் குடுத்து எம்மகளைத் தீத்து விடு. சின்ன வயசுக்காரி, நான் வேற எடத்துல கட்டிக் குடுத்துக்கிறேன். நீ என்ன சொல்லி விட்ட? கச்சேரியும் கெடையாது, துரும்பும் கெடையாது, குடிசை கட்டி முடிச்சதும் நானே வந்து அவளைக் கூட்டிட்டுப் போறேன்னு. கட்டி முடிச்சுட்டியா? அதான் வந்துருக்க. இன்னைக்குன்னு பாத்து வந்துருக்க.

எங்க எந்திரிக்கிற? காலைக் காட்டு மொதல்ல. அட்டை கடிச்ச புண்ணா இதெல்லாம்? சீப்புடிச்சுப் போயிருக்கு பாரு. இரு, மஞ்சளும் வேப்பெலையும் அரைச்சு வச்சுக் கட்டி விடுறேன். வலிக்குதா? வலிக்கட்டும். இந்தக் காலைத் தூக்கிக்கிட்டு அவகிட்டப் போனா பயந்துக்குவா.

சரி, சொல்லு. என்னதான் இருக்கு அங்க? ம். பூவு தரைலயா பூக்குது? ஏலச்செடி ஆளு ஒசரம் நிக்கும், பூவு மட்டும் காலடில கெடக்குமா. மண்டி போட்டாத்தான் கண்ணுக்கே தெரியுமா. அப்ப கச்சேரில கும்பிடு போட்டது கசந்துச்சு, செடிக்கு மண்டி போடுறது இனிக்குதா உனக்கு? செடி ஏய்னு கூப்பிடாதுங்குற. அது வாஸ்தவம்தான்.

மஞ்சுமூட்டம் எறங்குனா உன் கையே உனக்குத் தெரியாதாம். கை தெரியாம இருக்குறது ஒரு சந்தோசமா? யானை மிதிச்ச பள்ளத்துல தண்ணி நிக்குமாம், அதுல மொகம் பாப்பியாம். பசிச்சாத் திங்கிறியாம், இருட்டுனாத் தூங்குறியாம், நடுவுல யாரும் மணியடிக்க மாட்டாகளாம். களை எடுக்குறப்ப உனக்கே தெரியாமப் பாட்டு வருதா? நீ பாடுவியா? இந்தக் கூத்தை யாருகிட்டச் சொல்ல. வெரலை நீட்டு. அட நீட்டுப்பா, மோந்து பாக்குறேன். ஆமா. ஏல வாசம்தான். தோலுக்குள்ள போயிருச்சு. இனி நீ ஆத்துல ஊறுனாலும் போகாது.

எனக்கு எப்படித் தெரியுமா? எம் புருசன் கையும் இப்படித்தான் மணந்துச்சு. நீ அப்பத் தவழ்ந்துக்கிட்டு இருந்த. ஏலக் காயெடுப்புக்குப் போற ஆளுகளோட போவாரு. மத்தவுக மாசி கழிஞ்சா எறங்கிருவாக, கோடைமழை விழுந்தா காய்ச்சல் வரும்னு. இந்த மனுசன் ஒரு வருசம் எறங்கல. மண்ணு எனக்குப் பழகிருச்சு, காய்ச்சல் என்னயத் தொடாதுன்னாரு. உன்ன மாதிரியே சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாராம். கட்டில்ல போட்டு நாலு பேரு தூக்கிட்டு வந்தாக. வயித்துல எடதுபக்கம் கல்லு மாதிரி கட்டி. கண்ணு ரெண்டும் மஞ்ச. சாகுறப்ப எம் பேரைச் சொன்னாரா, பெத்த மக பேரைச் சொன்னாரா? சன்னலைத் தொறங்க, மஞ்சு உள்ள வரட்டும்னாரு. சித்திரை வெயில்ல, சன்னலே இல்லாத வீட்டுல. நான் விசிறிக்கிட்டே இருந்தேன். நல்லாக் குளுருது, நல்லா இருக்குன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டாரு. சந்தோசமாத்தான் செத்தாரு. அவரு சந்தோசமாச் செத்ததுக்கு நான் பச்சப்புள்ளய முதுகுல கட்டிக்கிட்டுப் பருத்தி எடுக்கப் போனேன்.

நீயும் பிடிச்சுருக்க ஒரு தோட்டத்தை. அது யாரு விட்டுட்டுப் போனதுன்னு சுடலை சொன்னான். காய்ச்சல்ல செத்தவன் வச்ச செடிதான அது? சரி, செடி என்ன பாவம் செஞ்சுச்சு, அது காய்க்குது. குடிசை மட்டும் நீ புதுசாப் போட்டது. ஈத்தை மூங்கில் வரிச்சு வச்சு, புல்லு மேஞ்சு, தரைல இருந்து ஒசத்திக் கட்டிருக்கியா, பாம்பு அண்டாம. அடுப்புக்குத் தனியா எறவாரமா. அம்மி வேற தூக்கிட்டுப் போயிருக்கியா? குரங்கணில இருந்து முதுகுலயா? அவ அரைக்கணும்னா? நல்லாத்தான் இருக்கு. ம்?

எங்க கம்மாவா? அங்க இருந்து தெரியுதா? நெசமாவா? விடியக் காலைல மஞ்சு வெலகுனா, கீழ கம்மாத்தண்ணி வெள்ளித்தகடு மாதிரி மினுங்குமாக்கும். அதுக்குப் பக்கத்துல எம் வீட்டுப் பொகையும் தெரியும்ங்குற. போடா, இம்புட்டூண்டு வீட்டுப் பொகை அம்புட்டுத் தூரத்துக்கா தெரியும். அவ வாசல்ல நின்னு, ஆத்தா அடுப்புப் பத்த வச்சுட்டான்னு பாப்பான்னு நெனச்சுத்தான் அந்தப் பக்கம் வாசல் வச்சியா.

கண்ணுல பொகை அடிக்குது. வெறகு ஈரம். ஒண்ணுமில்ல.

அப்பு, ஒண்ணு மட்டும் சொல்லு. அங்க அவ புள்ள பெத்தா யாரு பாப்பா? யானையா வந்து பாக்கும்? காய்ச்சல்னு படுத்தா யாரு கஞ்சி காச்சுவா? நீ பாப்பியா, நீ காச்சுவியா. நீ படுத்துட்டா? ஆம்பளைக்கு ஒரு எடம் பிடிச்சுப் போச்சுன்னா அந்த எடத்துலயே செத்துப் போகலாம், ஊரு பெருமையாப் பேசும். பொம்பளை அவன் கூடப் போயிச் சாகணும், இல்லாட்டி அவனைப் பொதைச்சுட்டு எறங்கி வரணும். நான் எறங்கி வர்றதுக்குக் கூடப் போகல, கட்டில்ல வந்தவரை இங்கயே இருந்து வாங்கிக்கிட்டேன்.

சேவ வெந்துருச்சு. எலை போடுறேன், கையைக் கழுவு. நெல்லுச்சோறுதான், பாத்துக்க. உனக்காகப் பொங்கல. காலைலயே பொங்குனது. என்னன்னா என்ன, வீட்டுல நெல்லுச்சோறு பொங்கக் கூடாதா? சாப்புடு. அவளுக்கு எடுத்து வைக்கணுமா? அவளுக்கு இன்னைக்குச் சாப்பாடு இருக்கு. நீ தின்னு. மலைல என்ன திங்கிறயோ, கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு. ஆனா கண்ணு தெளிவா இருக்குடா. உன் கண்ணு இம்புட்டுத் தெளிவா இருந்து நான் பாத்ததே இல்ல. அதைப் பாத்தாத்தான் எனக்கு வயிறு எரியுது.

ஏலக்காயா? சுடலைகிட்டக் குடுத்து விட்டியே, அதா? வந்துச்சு. கார்த்திகைல வந்துச்சு. மொதக் காய், ராமுத்தாயிக்குன்னு சொல்லிக் குடுத்தான். பச்சை மாறாம காய வச்சு, காட்டெலைல பொதிஞ்சு, மலைப்புல்லை முறுக்கிச் சுத்திக் கட்டியிருந்த. நல்ல கட்டு. அவ கையை நீட்டுறதுக்குள்ள நான் வாங்கிட்டேன்.

அன்னைக்கே நம்ம பெரியாளுக நாலு பேரைக் கூட்டுனேன். உங்க அய்யாவுக்கும் சொல்லி விட்டேன். எல்லாரும் உக்காந்த பெறகு நடுவுல வச்சுப் பிரிச்சேன். காயி என் மடில கொட்டிருச்சு. புல்லு கைல நின்னுச்சு. அதைத் தூக்கிக் காட்டி, மருமகன் துரும்பு குடுத்து விட்டுட்டாருன்னேன்.

ஏன் அப்படிப் பாக்குற? வழக்கம் என்ன? புருசன் கைப்பட்ட துரும்பு பொண்டாட்டிக்கு வந்து சேரணும், நாலு பேரு பாக்கணும். அம்புட்டுத்தான. கூட ஏலக்காய் வரக் கூடாதுன்னு வழக்கத்துல இல்லையே. ஆமா, மொனகுனாக. இது காயைக் கட்டி வந்த புல்லாச்சே, இதை எப்படித் துரும்புன்னு எடுத்துக்கிறதுன்னு ஒருத்தரு கேட்டாரு. அதுக்குத்தான் உங்க அய்யாவை வரச் சொன்னது. அவரு கைல குடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அண்ணே, இது உன் மகன் போட்ட முடிச்சா, இல்லையா?

திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கன்னுக்குட்டி கட்டுறதுக்கு அவருதான உனக்கு அந்த முடிச்சைப் பழக்குனது. அப்பறம், என் மகன் முடிச்சுதான்னாரு. துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. பொய்யா சொன்னாரு? உன் முடிச்சுதான? ஓடைக்காட்டை வித்த மனுசன், அவருக்கும் உள்ளுக்குள்ள இருக்காதா.

அவ என்ன சொல்ல முடியும்? அந்த எடத்துல பொம்பளைப் புள்ளயப் பேச விடுவாகளா? கதவுக்குப் பின்னால நின்னு, அது புல்லு ஆத்தா, அது வெறும் புல்லு ஆத்தான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. எல்லாரும் போன பெறகு வந்தா. கீழ செதறுன காயைப் பூராம் பொறுக்கி, ஒண்ணு விடாம வாய்ல போட்டு மென்னா. தோலோட. காரத்துல கண்ணுல தண்ணி கொட்டுது. துப்புடின்னேன். துப்பல.

சுடலையை எதுக்கு வையிற? மேல போய் வாயத் தொறக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அவன் மாடு மலைக்குப் போனாலும் அவன் பொண்டாட்டி புள்ளைக இந்த ஊருலதான இருக்கு.

வெளிய பாரு, முருங்கை நெழலு அடிமரத்துக்கு வந்துருச்சு, உச்சியாயிருச்சு. இனிச் சொன்னா என்ன. அவ கதிரறுக்கப் போகல, அப்பு. விடியவே வண்டி கட்டி ராசிங்காபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. உச்சிக்குள்ள முகூர்த்தம். தாலியறுத்தவ நிக்கக் கூடாதுன்னு என்னய மட்டும் விட்டுட்டுப் போனாக. மாப்ள உனக்குத் தெரிஞ்ச ஆளுதான். கச்சேரில உன் எடத்துல உக்காந்துருக்கானே பொன்னுமணி, அவன்தான். நம்ம சனம்தான். அடக்கமான பையன், சிரிக்க மாட்டான். நகம் கடிக்கிறான், அது போகப் போகச் சரியாகிரும். உன் கோட்டு சும்மா தொங்குதேன்னு பிரிச்சு அவனுக்குத் தைச்சுக் குடுத்துருக்கேன். தோள்லதான் கொஞ்சம் நிக்கல.

வந்த ஒடனே சொல்லியிருந்தா நீ ஓடியிருப்ப. மலைல நடந்த காலு, ஒரு நாழிகைல போய்ச் சேந்துருப்ப. வாசல்ல உன் கொரலு கேட்டா அவ மணையை விட்டு எந்திரிச்சு வந்துருவா. பெத்தவளுக்குத் தெரியாதா அது.

கையை ஒதறாத. சோத்தைப் பாதில விட்டுட்டு எந்திரிக்காத. ஈரலை உனக்குன்னு தனியா எடுத்து வச்சுருக்கேன், கொண்டாறேன் இரு.